எடுக்கக்கூடாத ரிங்

செரஃபீனாவுக்குத் தம்பியின் நம்பர் மனப்பாடம். தன்னுடைய நம்பர் தெரியாது. எங்கள் மலையூர் ரோக்காஸ்பீனாவில் பாதிப் பேர் அப்படித்தான். தனக்குத் தானே யார் போன் போட்டுக்கொள்ளப் போகிறார்கள்?

அந்த நம்பரை ஜெரார்தோ அவளுக்குக் கொடுத்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், செப்டம்பர் திருவிழா முடிந்த மறுநாள். ரொட்டிக் கடையில் வேலை முடிந்து பகல் ஒரு மணிக்கு வீடு திரும்பியவள் இன்னும் ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. அவன் டிராக்டரைச் சந்துக்கு வெளியே யார் கண்ணிலும் படாத மூலையில் நிறுத்திவிட்டு, பின்கதவு வழியாக உள்ளே வந்தான். நாற்பது வயது ஆம்பிளை, கூடப் பிறந்த அக்கா வீட்டுக்குத் திருடன் மாதிரி வந்து போக வேண்டியிருந்தது. சட்டைக்குள்ளிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"என்னடா இது?"

"போன்க்கா. பொத்தென்சா சந்தையில ரெண்டு வாங்கினேன். ரெண்டும் என் பேர்லதான். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு."

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"ஒண்ணு தெரியும்" என்றான்.

ஏன் இந்தத் திருட்டுத்தனம் என்றால், எல்லாம் சொத்துதான். அவர்கள் அப்பா சாகும்போது ஊருக்கு நடுவிலிருந்த வீட்டை மகளுக்கும், காக்கைமேட்டு நிலத்தை மகனுக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்த நிலம் செங்குத்துச் சரிவு. ஆடுகூட அங்கே காலைப் பார்த்துத்தான் வைக்கும். அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஜெரார்தோவின் மனைவி மிலேனா, "செத்துக்கிட்டிருந்த மனுஷன்கிட்ட வீட்டை எழுதி வாங்கிட்டீங்க" என்றாள். செரஃபீனாவும் சும்மா இருக்கவில்லை. "பிள்ளை பெறாதவளுக்கு வீடு எதுக்கு?" என்று கேட்டுவிட்டாள். வார்த்தையைக் கொட்டினால் அள்ள முடியுமா? தனக்கும் பிள்ளை இல்லை, கல்யாணமே இல்லை என்பதுகூட அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. "அந்த மேஜையில சாப்பிட்டா என் மேஜைக்கு வராதே" என்று மிலேனா புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

அவன் இரண்டு மேஜையிலும் சாப்பிட்டான். மிலேனாவுக்குக் கீழே சமவெளியில் தொழிற்சாலை வேலை. காலை ஷிஃப்ட் இருக்கும் வாரங்களில் விடியுமுன் பஸ் பிடித்துப் போனால் மூன்று மணிக்குத்தான் திரும்புவாள். அவள் துணியில் கட்டிக்கொடுக்கும் ரொட்டியையும் முட்டைப் பொரியலையும் வயலில் நாய்க்குப் போட்டுவிட்டு, அக்கா கையால் சூடாக ஒரு தட்டு பாஸ்தா சாப்பிட வருவான். வருகிற நேரம் மட்டும் தெரியாது. ஒரு நாள் ஒரு மணி, ஒரு நாள் இரண்டு மணி. பாஸ்தாவோ காத்திருக்காத சாப்பாடு. கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பதினோரு நிமிஷத்தில் வடித்து உடனே தின்ன வேண்டும். அதற்குத்தான் அந்த போன்.

"எழுதிக்கோ" என்றான்.

சுவரில் தொங்கிய காலண்டரின் ஓரத்தில் அவள் பென்சிலை வைத்தாள். முதல் நாலு எண்ணைச் சொல்லிவிட்டு, "இருபத்திரெண்டு" என்றான்.

"ரெண்டு... அப்புறம் ரெண்டு..."

"ஒவ்வொண்ணா என்னக்கா ஜெபமாலை உருட்டுற மாதிரி! ஜோடி ஜோடியாச் சொல்லு, அப்பத்தான் மண்டையில நிக்கும். இருபத்திரெண்டு யாரு?"

"பைத்தியக்காரன்."

"எழுபத்தேழு?"

"சீ, பொம்பளைங்க கால்."

எங்கள் பக்கத்தில் லாட்டரி ஆடாத வீடு கிடையாது. லாட்டரியில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் உருவம் உண்டு. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு தெரியாமல் அடி வாங்கிய பிள்ளைகூட இதைத் தலைகீழாகச் சொல்லும்.

"கடைசி, நாப்பத்தெட்டு" என்றான்.

செரஃபீனா பென்சிலை எடுத்துவிட்டாள். "பேசற பிணமா? அய்யோ, வேற நம்பர் கேட்டு வாங்கக் கூடாதாடா?"

"நாப்பத்தேழுன்னா பயப்படலாம், அது வெறும் பிணம். இது பேசுமே! பேசற வரைக்கும் நல்லதுதானே? எங்க, முழுசாத் திருப்பிச் சொல்லு."

அவள் சொன்னாள். பைத்தியக்காரன், பெண்களின் கால், பேசும் பிணம். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். "சரி, இப்ப ஒரு ரிங் விடு. நான் எடுக்க மாட்டேன். நம்பர் சரிதான்னு உனக்குத் தெரிஞ்சிடும், உன் நம்பரும் எனக்கு வந்துடும்." அவன் சட்டைப் பையில் ஒரு தடவை மணி அடித்து நின்றது. அவன் அந்த நம்பருக்கு ஒரு பேர் போட்டான். அக்கா பேரைப் போட்டால் மிலேனா பார்த்துவிடுவாள். அதனால் 'பாஸ்தா' என்று போட்டான். அவள் போனைத் திறக்கிற பின் நம்பராகவும், மறக்காமல் இருக்க, அதே பைத்தியக்காரனையும் கால்களையும் வைத்துக் கொடுத்தான்.

சட்டம் இதுதான். காக்கைமேட்டில் டிராக்டரைத் திருப்பும்போது அவன் ஒரு ரிங் விடுவான். கிளம்பிவிட்டேன், பாஸ்தாவைப் போடு என்று அர்த்தம். அவள் போட்டுவிட்டு ஒரு ரிங் திருப்பி விடுவாள். போட்டாயிற்று. யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் கூப்பிட்டவர் கார்டில் காசு போகும். ஊரே அப்படித்தான் நடந்துகொண்டது. வந்து சேர்ந்தேன் என்பதற்கு ஒரு ரிங், ஜன்னலுக்கு வா என்பதற்கு ஒரு ரிங், உன் நினைவாகவே இருக்கிறேன் என்பதற்கும் அதே ஒரு ரிங்தான். பேசாமலே பேசிக் காசை மிச்சம் பிடிப்பதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது.

ஜெரார்தோவுக்கு இதில் ஒரு விளையாட்டு. அவள் திருப்பி விடுகிற ரிங்கை, அவள் கட்டை விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போவதற்குள் படக்கென்று எடுத்துவிடுவான். "தின்னுட்டேன்! உன் காசைத் தின்னுட்டேன்!" என்று டிராக்டர் சத்தத்துக்கு மேல் கத்துவான். "கள்ளா! வாடா, தட்டுல உப்பை அள்ளிப் போடறேன்" என்று இவளும் கத்திவிட்டு வைப்பாள். நாள் ஆக ஆக அவள் விரலும் வேகமாகிவிட்டது. அவன் எடுத்தாலும் ஒரு வார்த்தை சொல்வதற்குள் வெட்டிவிடுவாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

அது நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை. இரண்டு நாள் மழை பெய்து விட்டிருந்தது. "மண்ணு காயட்டும்டா" என்று முதல் நாளே சொன்னாள். "காய்ஞ்சா விதைக்கிற நாள் போயிடும்க்கா" என்று அவன் கேட்கவில்லை.

தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. காய்ந்த சிவப்பு மிளகாயை எண்ணெயில் பொரித்து எடுத்துவைத்திருந்தாள். ஒன்று இருபதுக்கு போன் அடித்தது. ஒரு ரிங், இரண்டு ரிங், மூன்றாவது பாதியில் நின்றது. எப்போதும் ஒன்றுதான் வரும். 'தின்னுப்புட்டு விரல் தடிச்சுப் போச்சு இவனுக்கு' என்று சிரித்துக்கொண்டே பாஸ்தாவைப் போட்டு, உப்புப் போட்டுக் கிளறிவிட்டு, ஒரு ரிங் திருப்பி விட்டாள். அந்தப் பக்கம் எடுத்துவிட்டான். காற்றுச் சத்தம் கேட்டது. டிராக்டர் சத்தம் இல்லை. அதை அவள் அப்போது யோசிக்கவில்லை, பிறகுதான் யோசித்தாள். "செரஃபீ" என்று அவன் குரல், மெதுவாக.

"கள்ளா! இன்னிக்கு உனக்கு ஒரு சல்லிக்காசுகூடக் கிடையாது!" என்று கத்திவிட்டு வெட்டினாள்.

பதினோரு நிமிஷம் ஆனதும் வடித்து, மிளகாயை நொறுக்கிப் போட்டு, தட்டை இன்னொரு தட்டால் மூடிவைத்தாள். காக்கைமேட்டிலிருந்து வர கால் மணி நேரம். அரை மணி ஆயிற்று. பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு மணிக்கு, ரிங் விடாமல், உண்மையாகவே கூப்பிட்டாள். அது அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். எடுடா, எடுத்து எல்லாக் காசையும் தின்னு என்று வாய்விட்டே சொன்னாள்.

அந்த நேரத்தில் அவள் கதவைத் திறந்து தெருவில் நின்று கத்தியிருக்க வேண்டும். எதிர்வீட்டில் மூன்று சக்கர வண்டி இருந்தது. சதுக்கத்தைத் தாண்டினால் போலீஸ் நிலையம். ஆனால் கத்தினால், 'அவன் சாப்பிட வரலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பார்கள். இரண்டு வருஷத் திருட்டு வெளியே வரும். மிலேனா அவனை வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள். டிராக்டரில் ஏதோ கோளாறாக இருக்கும், இன்னும் அரை மணி பார்ப்போம் என்று உட்கார்ந்தாள். அப்புறம் இன்னொரு அரை மணி, அதற்கப்புறமும் ஒரு அரை மணி பார்த்தாள். மூன்றரைக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினாள். கல்லறைத் திருப்பத்தில் ஆம்புலன்ஸ் எதிரே இறங்கி வந்தது. சைரன் போடாமல் வந்தது. அவசரம் இல்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது.

ஆடு மேய்க்கிறவன் ஒருவன்தான் முதலில் பார்த்திருக்கிறான். ஈரச் சரிவில் டிராக்டர் சாய்ந்து, ஜெரார்தோவின் நெஞ்சின் மேல் கிடந்தது. இடது கை அடியில் மாட்டியிருந்தது. உடனே போயிருக்காது, முக்கால் மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். தீயணைப்பு வண்டி வர இருபது நிமிஷம் போதும் என்பது ஊருக்கே தெரியும். அதை யாரும் அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று இரவு அவள் தன் போனை அணைத்து ரவை டப்பாவின் அடியில் புதைத்தாள்.

அடக்கத்தன்று மிலேனா சவப்பெட்டிக்கு வலப்பக்கம் நடந்தாள், செரஃபீனா இடப்பக்கம். பெட்டிக்கு மேலாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. செரஃபீனா அழுதாள். ஆனால் அழுகையைவிடப் பயம்தான் அவளுக்குள் பெரிதாக இருந்தது. யாராவது கேட்டுவிடுவார்களோ என்கிற பயம்.

யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று கிளம்பியது. இரண்டாவது வாரம் ரொட்டிக் கடையில் நுன்சியா என்பவள், ஒரு கிலோ ரொட்டிக்கு நிற்கிற சாக்கில், கல்லாவுக்கு மேல் சாய்ந்தாள்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுதான், கூடப் பிறந்தவ நீ. ஆனா ஊருக்கே தெரிஞ்சதை நீ மட்டும் தெரியாம இருக்கியே. உன் தம்பி போன்ல ஒரு பொம்பளை நம்பர் இருக்காம். தினம் மத்தியானம், அவன் பொண்டாட்டி வேலைக்குப் போற வாரமாப் பார்த்து. சாகிற நேரத்துலகூட அவளுக்குத்தான் அடிச்சிருக்கான்."

செரஃபீனாவின் கையில் ரொட்டி வெட்டும் கத்தி நின்றது. "பேரு என்னவாம்?"

"அதுதான் வேடிக்கை. பாஸ்தான்னு போட்டிருக்கான்! எவ்வளவு ருசியா இருந்திருப்பா பாரேன்! அந்த போனும் அவன் பேர்லயே வாங்கினதாம். பக்கத்து ஊர் ரியோனேரோக்காரின்னு சொல்றாங்க."

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ரியோனேரோக்காரிக்கு ஒரு வாரத்தில் தலைமயிர் நிறம் வந்தது, அடுத்த வாரத்தில் புருஷன் வந்தான், மூன்றாவது வாரத்தில் ஜெரார்தோவின் சாயலில் ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது. செரஃபீனா ரொட்டியை நிறுத்துக் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். வாயைத் திறந்தால் போதும், அந்தப் பெண் செத்துப்போவாள். ஆனால் அவள் செத்தால் அந்த இடத்தில் செரஃபீனா நிற்க வேண்டும். 'அவன் கூப்பிட்டப்ப நீ என்ன செஞ்சே?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறக்கவில்லை. தம்பியின் பேர் நாறினாலும் பரவாயில்லை என்று இருந்தாள். அதைத் தனக்குத்தானே அவள் வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டாலும், உண்மை அதுதான்.

முப்பதாம் நாள் பூசைக்கு மிலேனா கோயிலுக்கு வரவில்லை. அன்று கல்லறைக்குப் போன செரஃபீனா, கல் பதித்திருந்ததைப் பார்த்தாள். பேர் இருந்தது, தேதிகள் இருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் நீள்வட்டமாக ஒரு வெறும் பள்ளம். பீங்கானில் படம் பதிக்காத கல் அந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே கிடையாது. தூக்கில் தொங்கினவனுக்குக்கூட முகம் இருந்தது.

"படத்தை அந்தம்மா வந்து திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றான் கல்வேலைக்காரன். "அந்த முகத்தை வேற எவளாவது வந்து முத்தம் கொடுக்கிறதுக்கா நான் காசு கொடுத்துச் செய்யணும்னு கேட்டாங்க."

செரஃபீனா அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இந்தத் தடவை அதில் பயம் இல்லை. வீட்டுக்குப் போய் ரவையைக் கொட்டி போனை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனாள்.

நிலையத் தலைவர் பிக்காரெத்தா தினமும் அவளிடம் அரை ரொட்டி வாங்குகிறவர். அவருடைய மேஜைக்கு முன்னால் மிலேனா உட்கார்ந்திருந்தாள். புருஷனின் பொருள்களைக் கையெழுத்துப் போட்டு வாங்க அன்றைக்குத்தான் அவளை வரச்சொல்லியிருந்தார்கள். கைக்கடிகாரம், கத்தி, சாவிக்கொத்து, போன் எல்லாம் ஒரு தட்டில் இருந்தன. செரஃபீனாவைப் பார்த்ததும் மிலேனா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்புறமா வாங்கம்மா" என்றார் பிக்காரெத்தா.

"அப்புறம்னா வரமாட்டேன்" என்றாள் செரஃபீனா. "அந்த பாஸ்தாங்கிறது நான்தான்."

 மிலேனா சிரித்தாள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு.

"தம்பி பேரைக் காப்பாத்த வந்துட்டாங்க பாருங்க சார். இத்தனை நாள் எங்கே இருந்தாங்களாம்? நாலு வாரமா ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது, அப்ப வாய் திறக்கல. கல்லறையில படம் இல்லைன்னதும் ரத்தம் கொதிச்சிருச்சு. பொய் சொல்றாங்க."

"பொய் இல்ல. உன் காலை ஷிஃப்ட் வாரமெல்லாம் என் வீட்டுலதான் சாப்பிட்டான்."

"என் சாப்பாடு கட்டிட்டுப் போவாரு!"

 அந்தச் சாப்பாட்டை நாய் தின்றது என்று சொல்லச் செரஃபீனாவுக்கு மனம் வரவில்லை.

பிக்காரெத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பைப் பிரித்தார். "தகராறு வேணாம். அந்த நம்பருக்கு நாங்க முப்பது தடவை அடிச்சுட்டோம், அணைச்சே கிடக்கு. அம்மா, உங்க நம்பரைச் சொல்லுங்க. நான் சரிபார்க்கிறேன்."

"எனக்குத் தெரியாதுங்க."

"உங்க சொந்த நம்பர் தெரியாதா?"

"நான் எனக்கு போன் பண்ணதில்லையே. யாருக்கும் கொடுத்ததும் இல்ல. அவன் ஒருத்தன்தான்."

"பார்த்தீங்களா சார்?" என்றாள் மிலேனா.

பிக்காரெத்தா அந்த நம்பரை மும்மூன்றாகப் படித்தார். செரஃபீனாவுக்கு அது யாரோ ஒருத்தியின் நம்பர் மாதிரி இருந்தது. அவர் இரண்டிரண்டாகப் படித்துப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் செய்யறதையே செய்வோம். ஒரு ரிங் விட்டுப் பார்த்துடலாம். போன் வெச்சிருக்கீங்களா? பின் நம்பராவது தெரியுமா?"

"பைத்தியக்காரன், பொம்பளைங்க கால்" என்றாள்.  அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். சிரிக்காமல் இருபத்திரண்டு, எழுபத்தேழு என்று தானே அழுத்தினார். போன் உயிர் பெற்றது. இடுக்குகளிலெல்லாம் ரவை. அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, தட்டிலிருந்த ஜெரார்தோவின் போனை எடுத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

செரஃபீனாவின் கையில் மணி அடித்தது. திரையில் ஜெரார்தோ என்று பேர் வந்தது.

மிலேனா எழுந்து வந்து அந்தத் திரையைப் பார்த்தாள். அவள் தோள் தளர்ந்தது. யாருமில்லை. ரியோனேரோக்காரி இல்லை, குழந்தை இல்லை. புருஷன் அக்கா வீட்டில் சாப்பிட்டிருக்கிறான், அவ்வளவுதான். "கடவுளே" என்றாள். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டும் என்று பிக்காரெத்தாவுக்குத் தோன்றவில்லை. எடுக்க வேண்டும் என்று செரஃபீனாவுக்கும் தோன்றவில்லை. இரண்டு வருஷப் பழக்கம்.

"சரி, நம்பர் உறுதி" என்று அவர் கட் செய்து, கோப்பில் ஒரு கோடு போட்டார். "அறிக்கைக்கு ஒண்ணே ஒண்ணு பாக்கி. ஒண்ணு இருபதுக்கு அவர் உங்களுக்கு அடிச்சிருக்கார், நீங்க எடுக்கல. வலது கை மட்டும்தான் வெளியே இருந்துச்சு. பச்சைப் பொத்தானை ரெண்டு தடவை அழுத்தினா கடைசியாக் கூப்பிட்ட நம்பருக்குப் போகும், அவ்வளவுதான் அவரால முடிஞ்சிருக்கும். ரெண்டு நிமிஷம் கழிச்சு நீங்க கூப்பிட்டிருக்கீங்க. அவர் எடுத்திருக்கார். ஆறு வினாடி. அப்புறம் போன் கைக்கு எட்டாத தூரத்துல சேத்துல விழுந்து கிடந்துச்சு. அந்த ஆறு வினாடியில என்ன சொன்னார்?"

மிலேனா இப்போது திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, "சொல்லுங்க அண்ணி" என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. புருஷனின் கடைசி வார்த்தை யாரோ ஒருத்தியிடம் மாட்டிக்கொண்டது என்று எண்ணி நாலு வாரம் வெந்தவள். அந்த வார்த்தை இதோ வீட்டு மனுஷியிடம்தான் இருக்கிறது. "எனக்கு ஏதாவது சொன்னாரா?"

சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். 'மிலேனாவைப் பார்த்துக்கோ அக்கா' என்றான் என்று ஒரு பொய். யார் சரிபார்க்கப் போகிறார்கள்? வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால், கேட்டுவிட்டும் ஏன் ஓடவில்லை என்று அடுத்த கேள்வி வரும். பொய் சொல்லவும் அவளுக்கு வழி இல்லாமல் போயிற்று.

"செரஃபீன்னு கூப்பிட்டான். விளையாடறான், காசைத் தின்னப் பார்க்கிறான்னு நினைச்சேன். கள்ளான்னு திட்டிட்டு வெச்சுட்டேன். அவனைப் பேச விடல."

"வெச்சுட்டீங்களா?"

"பாஸ்தாவை அப்பத்தான் போட்டிருந்தேன்."

"அப்புறம் எப்பத் தேடிப் போனீங்க?"

"மூணரைக்கு" என்றாள். "உனக்குத் தெரிஞ்சிடுமேன்னு பயந்துட்டேன்."

பிக்காரெத்தா எழுதுவதை நிறுத்திவிட்டார். மிலேனா கையெழுத்துப் போட்டாள். கைக்கடிகாரம், கத்தி, சாவிக்கொத்து, போன் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பையில் வைத்தாள். வாசலில் நின்று திரும்பி, "எனக்கு வீடு எதுக்குன்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனாள்.

அந்த வாரக் கடைசியில் கல்லில் முகம் வந்துவிட்டது. ஜெரார்தோ திருவிழாச் சட்டை போட்டுச் சிரிக்கிற படம். ரியோனேரோக்காரியும் அவள் குழந்தையும் வந்த வழியே போய்விட்டார்கள். ரொட்டிக் கடையில் நுன்சியா மட்டும் இப்போது வேறொரு பெண்ணிடம் தன் ரொட்டியை வெட்டச் சொல்கிறாள்.

திங்கட்கிழமை, பகல் ஒன்று இருபதுக்கு, செரஃபீனாவின் போன் ஒரு தடவை அடித்தது. ஜெரார்தோ என்று திரையில் வந்தது. அவள் பாய்ந்து எடுப்பதற்குள் நின்றுவிட்டது. மறுநாளும் அதே நேரம், அதே ஒரு ரிங். திருப்பிக் கூப்பிட்டால் அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். அவள் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தாள், திட்டு வாங்கத் தயாராக இருந்தாள். மிலேனாவுக்கு இரண்டும் வேண்டாம். காலை ஷிஃப்ட் வாரம், மாலை ஷிஃப்ட் வாரம் என்ற பேதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட விடுவதில்லை.

இப்போது செரஃபீனா ஒரு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அடுப்பில் தண்ணீர் வைப்பதில்லை. போனை மேஜைமேல் வைத்து, பச்சைப் பொத்தானின் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருக்கிறாள். ஒன்று இருபதுக்கு அது அடிக்கிறது. அவள் உடனே அழுத்துகிறாள். மிலேனாவின் விரல் அவளைவிட வேகம்.